விளக்கு அளிக்கப்படும்

அரசு அச்சகத்தில் இருபத்தேழு வருஷமாகப் பிழை திருத்திக்கொண்டிருந்த அந்த அம்மாளை எல்லோரும் புள்ளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விடுபட்டிருந்தால், மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பேச்சு. அது மிகை. இரண்டு மேசைதான்.

அவள் தன் அக்காவோடு ஒரு நாலுமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வசித்தாள். அக்கா ஒரு மாணவர் விடுதியில் முப்பது வருஷம் சமையல் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவள். நூற்றிருபது பேருக்குச் சமைத்து, ஒரு கரண்டி மிச்சம் இல்லாமல் அண்டாவைக் கவிழ்த்துவைத்த கை அது. வீட்டிலும் அப்படியே. கடைக்குத் துணிப்பை, எண்ணெய்க்குத் தூக்கு. காய்த்தோல் பின்பக்கச் செடிகளுக்கு. அலமாரியில் அறுபத்தொரு கண்ணாடி பாட்டில்கள். தேன் வந்தது, ஜாம் வந்தது, மருந்து வந்தது என்று ஒன்று ஒன்றாகச் சேர்ந்தவை. எதுவும் எதற்கும் ஜோடி கிடையாது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் புள்ளியம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: துவரம் பருப்பு, கல் உப்பு, மிளகு. ஒற்றுப்பிழை இல்லாத அலமாரி.

வாரக் கடைசியில் அந்த வீட்டுக் குப்பை ஒரு கைப்பிடி. குப்பை எடுக்க வருகிற பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுக்கு நான் வர்றதே வெட்டி வேலைம்மா" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

இப்படி இருந்த நாளில்தான் இல்லச் சமையலறை நெகிழி மற்றும் கழிவுக் குறைப்பு இயக்குநரகம் என்று ஒன்று உண்டாயிற்று. சாதாரண ஜனங்கள் பிளாஸ்டிக் என்று சொல்வதை இயக்குநரகம் நெகிழி என்று சொல்லும். வித்தியாசம் அவ்வளவுதான் என்று ஆரம்பத்தில் எல்லோரும் நினைத்தார்கள்.

குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் முதல் கூட்டம் நடந்தது. சுவர் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பதாகை: 'நெகிழி இல்லா நாளை'. வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரும், ஒவ்வொன்றாகத் தனித்தனிக் காகிதம் சுற்றி, மொத்தமாக ஒரு பையில் போட்ட நாலு பிஸ்கட்டும் கொடுத்தார்கள். காகிதமும் பிளாஸ்டிக்தான். இயக்குநர் தன் முன்னால் வைத்திருந்த மூன்று பாட்டில்களிலும் ஒவ்வொரு வாய் குடித்துவிட்டுப் பேச எழுந்தார்.

"நெகிழி நம்ம எதிரி. எதிரியை வீட்டை விட்டுத் துரத்தணும்னா, முதல்ல எதிரி வீட்டுக்குள்ள வரணும். வந்தாத்தானே துரத்த முடியும்? அதுக்காகத்தான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அஞ்சு நெகிழித் தொட்டி இலவசமா தர்றோம்."

கைதட்டல். அக்கா எழுந்து நின்றாள்.

"ஐயா, எங்க வீட்டுக் குப்பையே ஒரு கைப்பிடிதான். அதுக்கு அஞ்சு தொட்டி எதுக்குங்க?"

இயக்குநர் கனிவாகச் சிரித்தார். "தொட்டி இருந்தா குப்பை தானா வரும்மா. நம்பிக்கை வைங்க."

தொட்டிகள் வந்தன. ஒவ்வொரு தொட்டிக்கும் தனி உறை, அந்த உறைக்குள் மூடிக்கு இன்னோர் உறை. அந்த உறைகளைப் போட ஆறாவதாக ஒரு தொட்டி தேவைப்பட்டது. அதற்கு விண்ணப்பிக்கலாம் என்று உள்ளே இருந்த சீட்டில் எழுதியிருந்தது.

அடுத்த வாரம் இயக்குநரகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் தராசோடு வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் விதிநூல், காதில் பென்சில். கெட்டவர் இல்லை. விதியில் எழுதியிருந்தால் தன் தலையைத் தானே நிறுத்துப் பதிவு செய்துகொள்ளக்கூடியவர், அவ்வளவுதான். குப்பையை நிறுத்தார். நூற்றி நாற்பது கிராம். எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் வந்தார். மறுபடியும் நூற்றி நாற்பது.

"என்னம்மா இது!" என்று பென்சிலைக் கையில் எடுத்தார். "மாசா மாசம் முப்பது சதவீதம் குறைக்கணும்னு விதி. உங்க குறைப்பு பூஜ்யமா இருக்கே!"

"குறைக்கறதுக்கு அதுல என்னங்க இருக்கு?" என்றாள் அக்கா.

"அதைத்தான் நானும் கேக்கறேன். மேல்மாடி வங்கி மேலாளரைப் பாருங்க. போன மாசம் அம்பத்திரெண்டு கிலோ. இந்த மாசம் முப்பது. எவ்வளவு உழைப்பு! அவருக்குப் பரிசு சொல்லியிருக்கோம்."

வங்கி மேலாளர் முதல் மாதம் ஒரு பழைய மெத்தையை நனைத்துத் தொட்டியில் திணித்திருந்தார். குடியிருப்பில் அது எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப நானும் முதல் மாசமே நாலு கிலோ சேத்துப் போட்டிருக்கணுமா?"

"விவரம் தெரிஞ்சவங்க அப்படித்தான் செஞ்சாங்க" என்றார் ஆய்வாளர், வருத்தத்தோடு. "பரவாயில்ல, உங்களை மாதிரி பின்தங்கினவங்களுக்குப் பயிற்சி வகுப்பு இருக்கு. வந்து கத்துக்கங்க."

அக்கா போனாள். விதியை மீறிப் பழக்கமில்லாதவள். வகுப்பில் உருளைக்கிழங்கைப் பாதிக்குப் பாதி தோலோடு சீவச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டாள். கடைசித் தேர்வில், சூடாக ஒரு பாத்திரம் சோற்றைக் கையில் கொடுத்து, பாதியைத் தொட்டியில் கொட்டச் சொன்னார்கள். அக்கா பாத்திரத்தோடு நின்றாள். ஐந்து நிமிஷம் நின்றாள். பிறகு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு வரலைங்க" என்றாள். சான்றிதழ் கொடுத்தார்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு, அழியாதபடி. 'மனப்பான்மை போதாது' என்று அதில் அச்சடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து அதைத் தங்கையிடம் காட்டினாள். "எழுத்துப்பிழை இருக்கா பாரு" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது மாதம் ஆய்வாளரோடு ஒரு லாரியில் இரண்டு ஆட்கள் வந்தார்கள். மூன்று மாதமும் குறைப்பு இல்லாத வீட்டுக்கு 'ஒத்துழையாக் குடும்பம்' என்று பெயர். அந்த வீட்டுச் சமையலறையை முழுச் சோதனை போட வேண்டுமாம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. புள்ளியம்மாவும் வீட்டில் இருந்தாள்.

ஆய்வாளர் அலமாரிக்கு முன்னால் நின்று விதிநூலைப் புரட்டினார். "கொள்கலன் எதுலயும் இயக்குநரக ஒட்டி இல்லியே? அதான், ஸ்டிக்கர்."

"ஒட்டி குடுங்க, ஒட்டிக்கறோம்" என்றாள் புள்ளியம்மா.

"அது கண்ணாடியில ஒட்டாதும்மா. நெகிழி டப்பாவுலதான் ஒட்டும்." அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒட்டிப் பார்த்தார்; உதிர்ந்தது. "அப்ப இதெல்லாம் அங்கீகாரம் இல்லாத கொள்கலன். எடுத்துக்கிட்டுப் போயே ஆகணும். கவலைப்படாதீங்க, எண்ணி அறுபத்தொரு நெகிழி டப்பா தந்துடுவோம்."

ஆட்கள் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து ஒரே சாக்குக்குள் கவிழ்த்தார்கள். பருப்பு, உப்பு, சர்க்கரை, மிளகாய், கடுகு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. உள்ளே இருப்பதைத் தனித்தனியாக வைக்க விதியில் இடமில்லை. காலி பாட்டில்களை வாசலிலிருந்தே லாரிக்குள் எறிந்தார்கள். "மெதுவா... மெதுவா வைங்கப்பா" என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

போகும்போது சமையலறைக் கதவு நிலையில் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் பிளாஸ்டிக் நாடாவை ஒட்டி, பதினாலு நாளைக்கு உள்ளே போகக் கூடாது என்று முத்திரை வைத்தார்கள்.

அன்றிலிருந்து அக்கா பேசவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, அவர்கள் விட்டுப்போன சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தட்டில் பரப்புவாள். பருப்பைத் தனியாக, கடுகைத் தனியாக, மிளகாயைத் தனியாகப் பொறுக்குவாள். உப்பையும் சர்க்கரையையும் பிரிக்க வழியில்லை. அதை ஓரமாக ஒதுக்கி, விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வெளியே வாங்கினார்கள். சோறு ஒரு டப்பா, குழம்பு ஒரு டப்பா, அதற்கு மூடி, மூடிக்கு மேல் ஒரு பை, பைக்குள் இரண்டு கரண்டி. பத்தாம் நாள் ஆய்வாளர் வந்து நிறுத்துப் பார்த்தார். மூன்று கிலோ நானூறு கிராம். அவர் முகம் அப்படி மலர்ந்ததை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா! உங்களால முடியும்னு எனக்குத் தெரியும். இப்பத்தான் ஒரு அடிப்படை கிடைச்சிருக்கு. இனி குறைக்கலாம்!"

மறுநாள் புள்ளியம்மா அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இயக்குநரைப் பார்க்கப் போனாள். ஏழாவது மாடி. அறைக் கதவில் பித்தளைப் பலகை: 'இயக்குநர'. கடைசி எழுத்தில் புள்ளி இல்லை. வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தேநீர் அறையிலிருந்து ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒரு வாய்க்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை என்று கணக்கு. அறை மூலையில் கோப்பைகள் அவள் உயரத்துக்கு எழும்பியிருந்தன.

உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலி காட்டவில்லை.

"சார், எங்க அக்கா பதினோரு நாளா பேசலை."

"நல்லதுதானேம்மா? பேச்சைக் குறைக்கறவங்க எல்லாத்தையும் குறைப்பாங்க."

"அவங்க பாட்டிலையெல்லாம் உடைச்சுட்டாங்க சார்."

"உடைக்கலை. இந்த மாதிரி தப்பான வார்த்தையெல்லாம் சொல்லக் கூடாது. அளவைக் குறைச்சிருக்கோம். ஒரு பெரிய பாட்டில் நூறு துண்டா ஆகும்போது, ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சின்னது, யோசிச்சுப் பாருங்க."

புள்ளியம்மா யோசித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உங்க வீட்டுச் சமையலறையையும் நிறுப்பாங்களா சார்?"

இயக்குநர் மனம்விட்டுச் சிரித்தார். "நாட்டுல உள்ளவங்க குப்பையை எல்லாம் இருபத்துநாலு மணி நேரமும் நினைச்சுக்கிட்டிருக்கேன். சொந்தக் குப்பையை நினைக்க எனக்கு ஏதும்மா நேரம்? தினம் ரெண்டு மூட்டை போகுதுன்னு வீட்டுல சொல்றாங்க. நான் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. எங்களை மாதிரி தியாகம் பண்றவங்களுக்குன்னு புது விதிநூல்ல விலக்கு வருது. அடுத்த மாசம் அச்சுக்குப் போகுது."

"எந்த அச்சகம் சார்?"

"அரசு அச்சகம்தான். வேற எங்க?"

"சரி சார்" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். ஏழு மாடியும் நடந்தே இறங்கினாள். அவளுக்குக் கோபம் சத்தமாக வராது. வரிவரியாகத்தான் வரும். தெருவுக்கு வந்தபோது ஒரு பக்கம் நிறைந்திருந்தது.

பதினாலாம் நாள் முத்திரையை எடுத்தார்கள். அக்கா சமையலறைக்குள் போய், அறுபத்தொரு டப்பாவும் ஒரே நிறத்தில் ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கூடத்துக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

புது விதிநூலின் முதல் பாதி அச்சகத்துக்கு வந்தது. புள்ளியம்மா அதில் இருநூற்றிப் பதினாலு பிழைகளைத் திருத்தி அனுப்பினாள். தொழில் வேறு, கோபம் வேறு என்றுதான் அன்றைக்கும் நினைத்தாள். இயக்குநரே கையெழுத்துப் போட்ட கடிதம் பதிலாக வந்தது: 'எழுத்தை அச்சிடுவது அச்சகத்தின் பணி. அதற்குப் பொருள் காண்பது இயக்குநரகத்தின் பணி. இனி எமது கைப்பிரதியில் ஓர் எழுத்தையும் தொடக் கூடாது. இக்கடிதத்தையே நூலின் முன்னுரையாக அச்சிடவும்.'

அச்சக மேலாளர் கடிதத்தை அவள் மேசையில் வைத்தார். "பெரிய இடத்து வம்பு நமக்கு எதுக்கும்மா? அவங்க எப்படி அனுப்பினாலும் அப்படியே விட்டுடுங்க. ரொம்பக் கண்ணுக்கு உறுத்தினா மட்டும் திருத்துங்க."

இரண்டாம் பாதி வந்தது. நாற்பத்தோராம் விதியில் அவள் கண் நின்றது.

'இயக்குநரகத்தின் அலுவலகங்களுக்கும், இயக்குநர் முதலான உயர் அதிகாரிகளின் இல்லங்களுக்கும் விளக்கு அளிக்கப்படும்.'

இன்னொரு தடவை படித்தாள். லகரத்துக்குப் பதில் ளகரம். விலக்கு வர வேண்டிய இடத்தில் விளக்கு வந்து உட்கார்ந்திருந்தது. தட்டச்சு செய்தவருக்கு இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டவர் படிக்கவே இல்லை.

புள்ளியம்மா சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். ஒரு சுழி, ஒரு கோடு. ஒரு விநாடி வேலை. இருபத்தேழு வருஷத்தில் பார்த்துவிட்டு ஒரு பிழையைக்கூட அவள் விட்டதில்லை. தெரியாமல் போன ஒன்றிரண்டை நினைத்தே பல நாள் சாப்பாடு இறங்காமல் இருந்திருக்கிறாள். அக்காவின் தட்டில் ஓரமாக ஒதுங்கிக் கிடந்த உப்பும் சர்க்கரையும் நினைவுக்கு வந்தன. பேனாவை மூடினாள். பக்கத்தின் கீழே 'சரி' என்று எழுதித் தன் ஒப்பத்தை வைத்தாள். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

விதிநூல் அரசிதழில் வெளியான அன்றே இயக்குநரகப் பண்டகசாலை முப்பத்தெட்டு விளக்குகளை வாங்கிவிட்டது. அரசிதழில் இருந்தால் வாங்குவார்கள். ஏன் என்று கேட்பது அங்கே வழக்கமில்லை.

புள்ளியம்மா ஒன்பதாம் எண் படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எந்தச் சமையலறையைப் பற்றியும் எந்தக் குடிமகனும் புகார் செய்யலாம் என்பது நாற்பத்திரண்டாம் விதி. புகார் செய்தவர் சோதனையின்போது உடனிருக்க வேண்டும் என்பது அதன் உட்பிரிவு. வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் குப்பை இருந்தால் அங்கேயே முத்திரை. பதினாலு நாள் கழித்து, இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் அதை எடுக்கலாம். எல்லாம் புது விதிநூலில் இருந்தது. அதை முழுக்கப் படித்தவர்கள் நாட்டில் இரண்டே பேர். ஒருத்தி அவள். மற்றவர் அந்த ஆய்வாளர்.

ஆய்வாளர் படிவத்தைப் படித்தார். விதிநூலை எடுத்து நாற்பத்தோராம் விதியைப் படித்தார். பென்சிலால் தலையைச் சொறிந்துகொண்டார்.

"விதியில ஒண்ணும் தடையில்லியே! போயிட்டு வந்துடலாம்மா" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இயக்குநர் வீட்டு மணியை அடித்தார்கள். ஆய்வாளர் கையில் தராசு. பின்னால் இரண்டு ஆட்கள். வாசலில் லாரி. ஒரு பக்கமாகப் புள்ளியம்மா, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

"என்னய்யா இது?" என்றார் இயக்குநர், வீட்டு உடுப்பில்.

"சமையலறைச் சோதனை சார். புகார் வந்திருக்கு."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"படிவத்துல முதல் கேள்வியே அதுதான் சார். பேரும் பதவியும் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"எனக்கு விலக்கு இருக்குய்யா! நாப்பத்தொண்ணைப் படி!"

"படிச்சுட்டுத்தான் சார் வந்திருக்கேன். கையோட கொண்டாந்திருக்கேன்." ஆய்வாளர் பையிலிருந்து ஒரு புத்தம்புதிய அரிக்கேன் விளக்கை எடுத்து, துடைத்து, அவர் கையில் கொடுத்தார். "பெற்றுக்கொண்டேன்னு இங்க ஒரு கையெழுத்து சார்."

இயக்குநர் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டே விதியைப் படித்தார். திரும்பவும் படித்தார். "இது அச்சுப்பிழை!"

"கீழ உங்க கையெழுத்து இருக்கு சார். 'ஓர் எழுத்தையும் தொடக் கூடாது'ன்னு முன்னுரையில நீங்களே எழுதியிருக்கீங்க. நான் எப்படி சார் தொடுவேன்?"

குப்பை முப்பத்தெட்டு கிலோ. திறக்காமலே கெட்டுப்போன உறைகள், பாதி கடித்த பழங்கள், மேலே அவருடைய கூட்டங்களில் மிஞ்சிய தண்ணீர்ப் பாட்டில்கள். சமையலறையில் கண்ணாடிச் சாடிகள் வரிசையாக இருந்தன. பூ வேலை செய்தவை, விலை உயர்ந்தவை. ஆய்வாளர் ஒரு ஒட்டியை எடுத்து ஒட்டினார். உதிர்ந்தது.

உள்ளே இருந்ததையெல்லாம் ஒரே சாக்கில் கவிழ்த்தார்கள். லாரியில் எறிந்தார்கள். புள்ளியம்மா வாசலில் நின்று ஒவ்வொரு சத்தமாக எண்ணினாள். சத்தம் தித்திப்பாக இருந்தது. இயக்குநரின் மனைவி மட்டும் ஒரு பக்கமாக நின்று, "மெதுவாங்க..." என்றாள். அந்தக் குரல் கேட்டதும் புள்ளியம்மா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எண்ணுவதை நிறுத்தவில்லை. கடைசியில் சமையலறை வாசலில் மஞ்சள் நாடாவை ஒட்டி முத்திரை வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை ஒன்று விடாமல் அக்காவிடம் சொன்னாள். அக்கா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், ஏழு வாரத்துக்குப் பிறகு, வாயைத் திறந்தாள்.

"எத்தனைடி?"

"இருபத்துநாலுக்கா."

அக்கா ஒரு கடுகை எடுத்துக் கடுகோடு வைத்தாள். "நம்மது அறுபத்தொண்ணு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை இயக்குநர் அச்சகத்துக்கே வந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மூன்று நாளாக டப்பாச் சோறு. மேலாளர் பதறிப்போய் அவரைப் புள்ளியம்மாவின் மேசைக்கு அழைத்துவந்தார். இயக்குநர் அவளைப் பார்த்தார். தன் அறையில் நின்றவள் என்றோ, தன் வாசலில் நின்றவள் என்றோ அவருக்குத் தெரியவில்லை. ஜனங்களின் முகம் அவருக்கு மனசில் தங்குவதில்லை.

"ஒரு பிழைதிருத்தம் போடணும். இந்த வெள்ளிக்கிழமை அரசிதழ்லயே வரணும்."

"போட்டுடலாம் சார். எழுதிக் குடுங்க."

அவர் எழுதினார். நீளமாக எழுதினார். படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தார். "சமையலறை, குப்பை, சோதனைன்னு ஒரு வார்த்தையும் வரக் கூடாதும்மா. விளக்குங்கற வார்த்தையும் வரக் கூடாது. ஏற்கெனவே ஜனங்க சிரிக்கறாங்க. சுருக்கமா, கௌரவமா இருக்கணும்." மறுபடி எழுதினார். அடித்தார். குறைத்தார். குறைப்பதில்தான் அவர் நிபுணர். கடைசியில் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

'பிழைதிருத்தம்: இயக்குநர் விலக்கப்படுகிறார். இவ்வாணை உடனே நடைமுறைக்கு வரும்.'

புள்ளியம்மா எழுத்தெழுத்தாகப் படித்தாள். லகரம் லகரமாகவே இருந்தது. ஒற்று மிகும் இடத்தில் மிகுந்திருந்தது. புள்ளிகள் எல்லாம் அதனதன் தலையில்.

"எதுலேருந்துன்னு போட வேண்டாமா சார்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்மா. நீங்க எழுத்தை மட்டும் பாருங்க. பிழை ஏதாவது இருக்கா?"

"இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

"அப்ப அடிங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் ஒப்பம் வைத்தாள். இந்தத் தடவை கை கழுவப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை அரசிதழ் வந்தது. தலைமைச் செயலகத்தில் அதைப் படித்தவர்கள், இயக்குநரை யார் விலக்கினார்கள், ஏன் விலக்கினார்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. அரசிதழில் இருந்தது, உடனே நடைமுறைக்கு வரும் என்றும் இருந்தது. திங்கட்கிழமை காலை அவர் அலுவலகம் போனபோது நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் அது பிழைதிருத்தத்தில் நேர்ந்த பிழை என்று எழுதிக் கொடுத்தார். இயக்குநரகத்தின் சார்பில் எழுத இப்போது அவருக்கு அதிகாரம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாட்டின் எல்லாச் சமையலறைத் தராசுகளும் இயக்குநர் கையெழுத்து இல்லாமல் நின்றுபோயின. புது இயக்குநரை நியமிக்கும் கோப்பு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

புள்ளியம்மா அரசிதழை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துத் தானே ஒரு தடவை படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, தட்டு சாய்ந்து பருப்பெல்லாம் தரையில் கொட்டியும் சிரிப்பு நிற்கவில்லை. சிரித்து ஓய்ந்ததும் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

முன்னாள் இயக்குநரின் சமையலறையில் மஞ்சள் நாடா அப்படியே இருக்கிறது. அதை எடுக்க இயக்குநர் கையெழுத்து வேண்டும், இயக்குநர் இல்லை. ஒவ்வொரு வேளையும் டப்பாச் சோறுதான். காலையில் எட்டரை மணிக்கு வெளியே வந்து, காலி டப்பாக்களை வாசல் தொட்டியில் தானே அமுக்கித் திணித்துவிட்டு உள்ளே போவார். அந்தத் தெரு அச்சகத்துக்குப் போகிற வழியில் இல்லை. போனால் இருபது நிமிஷம் சுற்று. புள்ளியம்மா தினமும் வீட்டிலிருந்து இருபது நிமிஷம் முன்னதாகவே கிளம்புகிறாள்.